மணிக்கட்டுப் பட்டை வாங்கும் முன்: எடை தூக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் ஜிம்மில் ஒரு தம்பி பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடை நெஞ்சுக்கு மேலே தள்ளும் பயிற்சி) போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தான். சேர்ந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. ராடோடு சேர்த்து 45 கிலோ போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் செல்போனை நீட்டினான்.

"அண்ணா, கை வலிக்குது. இந்த மூணுல எது வாங்கலாம்?"

திரையில் மூன்று பொருள்கள். ஒன்று மணிக்கட்டைச் சுற்றிக் கட்டும் ரிஸ்ட் ராப். இன்னொன்று டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிர்வது) செய்பவர்கள் ராடில் சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப். மூன்றாவது, கையில் அடிபட்டவர்கள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும், உள்ளே தகடு வைத்த பட்டை. மூன்றுக்குமே விற்பவர்கள் போட்டிருந்த பெயர் ரிஸ்ட் சப்போர்ட்.

"போனை வை. முதல்ல உள்ளங்கையைக் காட்டு" என்றேன்.

விரித்துக் காட்டினான். ராடின் கொரகொரப்பு பதிந்த சிவப்புக் கோடு ஒன்று, விரல்கள் முளைக்கும் இடத்தில், காய்ப்பு விழும் மேட்டை ஒட்டிக் குறுக்கே ஓடியது. உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஒரு தடமும் இல்லை. வலி எங்கிருந்து வருகிறது என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிட்டது. அன்று அவனை எதுவும் வாங்க விடவில்லை. ராடு உட்கார வேண்டிய இடத்தை மட்டும் மாற்றினோம். பட்டை வாங்கியது அதற்கு ஆறு வாரம் கழித்து, எடை கூடிய பிறகு.

உங்களுக்கும் அதே வரிசையைத்தான் சொல்லப்போகிறேன். முதலில் பிடி, அப்புறம்தான் பட்டை.

முதலில் உள்ளங்கையைப் பாருங்கள்

அடுத்த முறை பெஞ்ச் பிரஸ்ஸோ, தலைக்கு மேலே தள்ளும் ஷோல்டர் பிரஸ்ஸோ செய்து முடித்ததும், கையைத் துடைப்பதற்கு முன் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். தடம் விரல்களின் அடியில் நேர்க்குறுக்காக இருந்தால், ராடு உங்கள் முன்கை எலும்புக்கு நேராக உட்காரவில்லை, பின்பக்கம் தொங்குகிறது என்று பொருள்.

தலையில் குடம் வைத்து நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். குடம் கழுத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துக்குப் பெரிய வேலையில்லை, எடை முதுகெலும்பு வழியாக இறங்கிவிடும். குடம் இரண்டு விரற்கடை பின்னால் போனால் போதும், கழுத்துத் தசை முழுதும் இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். மணிக்கட்டும் அப்படித்தான். 60 கிலோ ராடில் ஒவ்வொரு கைக்கும் 30 கிலோ. அந்த 30 கிலோ முன்கைக்கு நேர் மேலே நின்றால் எலும்பே தாங்கிக்கொள்ளும். நாலைந்து சென்டிமீட்டர் பின்னால் போனால், மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கி, தசைநாரும் இணைப்புநாரும் ஒவ்வொரு ரெப்பிலும் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

மணிக்கட்டில் சின்னச் சின்னதாக 8 எலும்புகள் இரண்டு வரிசையில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தொடை போலவோ தோள் போலவோ தடித்த சதை கிடையாது. கையை மடக்கி நீட்டும் தசைகளெல்லாம் முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டைக் கடப்பவை பெரும்பாலும் அவற்றின் நார்கள்தான். நெஞ்சும் தோளும் மூன்று மாதத்தில் பலம் கூடிவிடும். நார்களுக்கு அவ்வளவு வேகமாகப் பலம் கூடுவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் மணிக்கட்டு வலி எடுப்பதற்கு நான் பார்த்தவரை இதுதான் பெரிய காரணம்: தூக்கும் எடை ஓடிவிட்டது, மணிக்கட்டு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

சரியான பிடிக்கு இப்படிச் செய்யுங்கள். எடை எதுவும் மாட்டாத ராடின் அடியில் படுங்கள். விரலை மடக்குவதற்கு முன், உள்ளங்கையின் அடிமேட்டை, அதாவது கதவைத் தள்ளும்போது பதிகிற அந்தக் கெட்டியான பகுதியை, ராடில் வையுங்கள். கைகளைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்புங்கள். ராடு இப்போது உள்ளங்கையில் சாய்வாக ஓடும்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பிளவில் தொடங்கி, சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் முடியும். அப்புறம் விரல்களை மூடுங்கள். கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்கட்டும்; அதை வெளியே விட்டுப் பிடிப்பவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள், ராடு நழுவினால் விழுவது நெஞ்சில்.

பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ராடு, மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தால் பரவாயில்லை, அது இயல்பு. விரல் முட்டிகள் உங்கள் தலைப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சாய்வு அதிகம்.

இரண்டு வாரம் இந்தப் பிடியில், எடையைக் கொஞ்சம் குறைத்துப் பழகுங்கள். பலருக்கு வலி இங்கேயே தீர்ந்துவிடும். அவர்கள் இப்போதைக்குப் பட்டை வாங்கத் தேவையில்லை, அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிச் சாப்பிடலாம்.

எது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் மாட்டியிருப்பார்கள். நானும் தொடங்கிய காலத்தில் ராப் என்று நினைத்து ஸ்ட்ராப் வாங்கி, ஒரு வாரம் அதை மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு ஷோல்டர் பிரஸ் செய்திருக்கிறேன். நீளாத நாடா, மடிந்து தோலை அறுத்தது, மணிக்கட்டையோ துளியும் தாங்கவில்லை.

ரிஸ்ட் ராப் என்பது மணிக்கட்டு மூட்டைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றும் அகலமான, நீளும் தன்மையுள்ள பட்டை. பருத்தி, பாலியெஸ்டர் நூலோடு ரப்பர் இழை சேர்த்து நெய்திருப்பார்கள். ஒரு முனையில் கட்டைவிரலை மாட்ட ஒரு வளையம், மறுமுனையில் வெல்க்ரோ. மணிக்கட்டு பின்னால் மடங்குவதைத் தடுப்பதுதான் இதன் வேலை. தலைக்கு மேலேயோ நெஞ்சுக்கு மேலேயோ எடையைத் தள்ளுபவர்களுக்கு வேண்டியது இது. இந்தக் கட்டுரை இதைப் பற்றித்தான்.

ஸ்ட்ராப் நீளாத துணி நாடா. அதன் வால் ராடைச் சுற்றிக்கொள்ளும். டெட்லிஃப்ட், ரோயிங் போன்ற இழுக்கும் பயிற்சிகளில் விரல்பிடி தளரும்போது உதவும். மணிக்கட்டுக்குத் தாங்கு கொடுக்காது.

மணிக்கட்டுப் பட்டை சேர்த்துத் தைத்த கையுறை விற்கிறார்கள். நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உள்ளங்கையில் இருக்கும் பஞ்சு, ராடை இன்னும் தடிமனாக்கி எலும்பிலிருந்து தள்ளி வைக்கிறது. நாம் இவ்வளவு நேரம் திருத்திய பிடியையே கெடுக்கும். பட்டையும் மெல்லியது. காய்ப்பு விழுவது பிடிக்கவில்லை என்பவர்கள் தள்ளும் பயிற்சிகளுக்காவது அதைக் கழற்றி வையுங்கள்.

தகடு வைத்த மெடிக்கல் பட்டை கையை அசையாமல் வைத்துக் குணப்படுத்த. டாக்டர் சொன்னால் சொன்ன நேரத்துக்குப் போடுவது. அதை மாட்டிக்கொண்டு எடை தூக்கக் கூடாது. கிரேப் பேண்டேஜ்? அவசரத்துக்கு ஒருநாள் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவது ரெப்பிலேயே தளரும், அதன் கொக்கி எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. டென்னிஸ்காரர்கள் போடும் வேர்வைப் பட்டை, வேர்வைக்கு மட்டும்.

உங்கள் பயிற்சி எது?

பவர்லிஃப்டிங் வழியில் போகிறவர்களுக்கு, அதாவது ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றையும் கனமாகச் செய்பவர்களுக்கு, விறைப்பான பட்டை பொருந்தும். பெஞ்ச் பிரஸ்ஸில் மணிக்கட்டு மடங்கவே வேண்டியதில்லை, அதனால் எவ்வளவு அசையாமல் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. ஸ்குவாட்டில் ராடைத் தோளுக்குக் கீழே இறக்கி வைத்துச் செய்பவர்களுக்கும் மணிக்கட்டு நோகும். பட்டை அதற்கு ஓரளவு உதவும். ஆனால் பாதிப் பிரச்சினை தோள் இறுக்கத்தில் இருக்கும். பிடியைக் கொஞ்சம் அகலமாக்கிப் பாருங்கள்.

ஒலிம்பிக் பளுதூக்குதல் கதையே வேறு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே) 149 கிலோ தூக்கினார், கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேலே) 179, தங்கம். அந்த ஸ்நாட்சில் ராடு தலைக்கு மேலே போய் நிற்கும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கித்தான் இருக்கும். அதுதான் சரியான நிலை. கிளீனில் ராடைத் தோளில் வாங்கும்போது முழங்கை முன்னால் எகிற, மணிக்கட்டு இன்னும் மடங்க வேண்டும். அங்கே போய்ப் பலகை போன்ற பட்டையைக் கட்டினால் முழங்கை உயராது, எடை முழுக்க மணிக்கட்டில் விழும். அதனால்தான் பளுதூக்குபவர்கள் மெல்லிய, மிருதுவான பட்டையையோ டேப்பையோ சுற்றுகிறார்கள். நீங்கள் இந்த வழியில் போவதாக இருந்தால், அல்லது பல வகைப் பயிற்சிகளைக் கலந்து வேகமாகச் செய்யும் கிராஸ்ஃபிட் வகுப்பில் சேர்ந்திருந்தால், நீளும் பட்டை எடுங்கள். முடிச்சிட்டுக் கட்டும் வெறும் துணிப் பட்டையும் நன்றாக இருக்கும். ராடை முன்தோளில் வைத்துச் செய்யும் ஃப்ரன்ட் ஸ்குவாட்டுக்கும் இதே கணக்கு.

உடல் வளர்ச்சிக்காக டம்பெல், மெஷின், கொஞ்சம் பெஞ்ச் என்று கலந்து செய்பவர்கள்தான் நம்மில் அதிகம். உங்களுக்கு நடுத்தரம் போதும்.

டெட்லிஃப்ட், புல்-அப், ரோயிங், பைசெப் கர்ல் இவற்றுக்கு ரிஸ்ட் ராப் தேவையில்லை. இழுக்கும்போது மணிக்கட்டு பின்னால் மடங்குவதில்லை. இறுக்கிக் கட்டினால் விரலை மூடுவதே சிரமமாகிப் பிடி நழுவும். தண்டால் போடும்போது வலிக்கிறது என்பவர்கள், பட்டையைவிடத் தரையில் வைத்துப் பிடிக்கும் தண்டால் கட்டையை வாங்குங்கள். மணிக்கட்டு நேராக நிற்கும், வலிக்கு அதுவே பதில்.

நீளமும் விறைப்பும்

நீளம் பெரும்பாலும் 12, 18, 24, 36 அங்குலங்களில் வரும். அகலம் ஏறக்குறைய 3 அங்குலம்.

18 அங்குலம் என்றால் நம் கணக்கில் ஒரு முழம். பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல்நுனி வரை மல்லிகையை அளப்பாரே, அவ்வளவு. மணிக்கட்டை இரண்டரை, மூன்று சுற்றுச் சுற்றலாம். முதல் பட்டை வாங்குபவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு நான் சொல்வது இந்த ஒரு முழம்தான். கனமான செட்டுக்கு (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் சில ரெப்கள் ஒரு செட்) போதுமான தாங்கு, கட்ட நேரமாகாது, தப்பாகக் கட்டினாலும் கை மரத்துப்போகும் அளவுக்கு இறுகாது.

12 அங்குலம் மெல்லிய மணிக்கட்டு உள்ளவர்களுக்கும், பளுதூக்குதல் செய்பவர்களுக்கும், பட்டை இருப்பதே தெரியக்கூடாது என்பவர்களுக்கும். பெண்கள் சிலருக்கு 12 போதுமானதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெண் என்பதற்காகவே 12 எடுக்க வேண்டாம். நூலால் மணிக்கட்டைச் சுற்றி அளந்து, அந்த அளவின் இரண்டரை மடங்கு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 6 அங்குல மணிக்கட்டுக்கு 15 அங்குலம் வேண்டும், அப்போது 12 பற்றாது.

24 அங்குலம், பெஞ்ச் பிரஸ்ஸில் தன் உடல் எடையைத் தாண்டியவர்களுக்கு. 36 என்பது இரண்டு முழம், ஒரு கஜம். போட்டியில் இறங்குபவர்கள் கட்டுவது. புதியவர் கையில் 36 அங்குலப் பட்டை கிடைத்தால் நடப்பது இது: சுற்றிச் சுற்றி மணிக்கட்டில் ஒரு தடித்த உருளை உருவாகும், மூட்டில் இருக்க வேண்டிய இறுக்கம் முன்கைக்கு இறங்கிவிடும், அவிழ்த்துக் கட்டவே ஓய்வு நேரம் முடிந்துவிடும்.

விறைப்பு இதைவிட முக்கியம், ஆனால் பெட்டியின் மேல் தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள். கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பட்டையை ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். சுலபமாக ஒன்றரை மடங்காக நீண்டால் மிருது. கொஞ்சம் நீண்டு, அப்புறம் கையை எதிர்த்து நின்றால் நடுத்தரம். இழுக்கவே மனமில்லாமல் தோல் வார் மாதிரி நின்றால் விறைப்பு. இன்னொரு சோதனையும் உண்டு. பட்டையை ஒரு விரற்கடை தூரம் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிப் பாருங்கள், அப்புறம் ஒரு சாண் நீட்டுங்கள். மிருதுவானது உடனே தொங்கும். விறைப்பானது பலகைத் துண்டு போல நீட்டிக்கொண்டே நிற்கும்.

தொடக்கத்தில் நடுத்தரம் எடுங்கள். விறைப்பான பட்டை சரியாகக் கட்டினால் அற்புதமாகத் தாங்கும். ஆனால் சரியாகக் கட்டத் தெரிவதற்கே சில மாதம் பழக வேண்டும். அதுவரை அது எலும்பு முனையில் உரசிக்கொண்டே இருக்கும், குறிப்பாகச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மேட்டில்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வெல்க்ரோவின் நீளம் உள்ளங்கை அகலமாவது இருக்கட்டும். சின்ன வெல்க்ரோ, செட் நடுவே 'பர்ர்' என்று பிரிந்துகொள்ளும். அதை நான்கு பக்கமும் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போலவும் தைத்திருந்தால் உழைக்கும். ஒற்றைத் தையல் ஆறு மாதம் தாண்டாது. வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டிக் கொஞ்சம் பலமாக இழுத்துப் பாருங்கள். முதலில் பிய்வது அந்த இடம்தான். பட்டை ஓரத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், குத்தினால் மணிக்கட்டிலும் குத்தும். நிறத்தையும், மேலே எழுதியிருக்கும் வீர வசனத்தையும் விட்டுவிடலாம்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் படத்தில் கட்டைவிரல் வளையம் இருக்கிறதா, நீளம் அங்குலத்தில் போட்டிருக்கிறதா, ஒரு ஜோடியா ஒற்றையா என்று மூன்றையும் பார்த்து ஆர்டர் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணப் பட்டை முதல் வருடத்துக்குத் தாராளம். ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கும் பட்டைகள் பெரும்பாலும் போட்டி விதிகளின்படி அங்கீகாரம் வாங்கியவை. போட்டி எண்ணம் இருந்தால் மட்டும் அவற்றைப் பார்க்கலாம். ஜிம்மில் யாரிடமாவது இருந்தால் ஒரு செட்டுக்குக் கேட்டு வாங்கிக் கட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மேல். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

கட்டும் முறை

அந்தத் தம்பி முதல்நாள் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது பட்டை கைக்கடிகாரம் கட்டும் இடத்தில் இருந்தது. மூட்டு முழுக்க வெளியே. கையைப் பின்னால் மடக்கச் சொன்னேன், தாராளமாக மடங்கியது. இதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வளையல் போடும் இடத்தில் கட்டினால் அது வளையல்தான்.

கையைத் திருப்பி, உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். மூட்டு அங்கேதான் இருக்கிறது. பட்டையின் நடுப்பகுதி அந்தக் கோட்டின் மேல் வர வேண்டும். பாதி உள்ளங்கையின் அடிமேட்டில், பாதி முன்கையில்.

பட்டையை முதலில் வெல்க்ரோ உள்ளே போகும்படி உருளையாகச் சுருட்டிக்கொள்ளுங்கள், சுற்றும்போது கைக்கு அடங்கும். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டுங்கள். மணிக்கட்டை நேராக வைத்து, விரல்களை லேசாக விரியுங்கள். உருளையைப் புறங்கை மேலாகச் சுண்டுவிரல் பக்கம் கொண்டுபோய், உள்பக்கம் வழியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் சுற்று இடம் பிடிக்கத்தான், அதிகம் இறுக்க வேண்டாம். இரண்டாவது சுற்றில் பட்டையை இழுத்துக்கொண்டே சுற்றுங்கள், முந்திய சுற்றின் மேலேயே வரட்டும், கால் பங்கு விலகினால் போதும். கீழே கீழே இறங்கிப் போனால் முழங்கைப் பக்கம் பட்டை வீணாகும். வெல்க்ரோவை ஒட்டுங்கள். கடைசியாக வளையத்தைக் கட்டைவிரலிலிருந்து கழற்றி விடுங்கள். பலர் இதை மறந்து அப்படியே தூக்குகிறார்கள்; வளையம் கட்டைவிரலைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், ராடைச் சுற்றிப் பிடிக்க விடாது.

இப்போது கையைப் பின்னால் மடக்கிப் பாருங்கள். கொஞ்சம் போய் நிற்க வேண்டும். விரல்களை மூடித் திறங்கள், தடையில்லாமல் வர வேண்டும். ஒரு விரலின் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் 2 விநாடிக்குள் பழையபடி சிவக்காவிட்டால், அல்லது விரல்நுனி குளிர்ந்தோ மரத்தோ போனால், ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

செட் முடிந்ததும் அவிழ்த்து விடுங்கள். நன்றாகக் கட்டிய பட்டை ஐந்து நிமிடம் கையில் இருக்க முடியாதபடி இறுக்கமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஜிம்முக்குள் நுழைந்ததிலிருந்து வீடு போகும்வரை கட்டிக்கொண்டே திரிய முடிகிறதென்றால் அது தாங்கவில்லை.

எப்போது கட்டுவது, எப்போது விடுவது

வார்ம்-அப் செட் எதற்கும் கட்ட வேண்டாம். என் கணக்கு இது: அன்றைய பயிற்சியில் கடைசி இரண்டு, மூன்று கனமான செட்டுக்கு மட்டும். 60 கிலோவில் முடிக்கப் போகிறீர்கள் என்றால் 45 வரை வெறும் கை. வெறும் கையில் தூக்கும் அந்த செட்டுகள்தான் மணிக்கட்டைப் பழக்குகின்றன. எல்லாவற்றுக்கும் கட்டினால், ஒருநாள் பட்டையை வீட்டில் மறந்துவிட்டு வரும்போது 40 கிலோவே பயமாக இருக்கும்.

முன்கைக்குத் தனியாக வாரம் இரண்டு நாள் கொடுங்கள். கனமான டம்பெல் இரண்டைத் தொங்கவிட்டுப் பிடித்து நடப்பது, கம்பியில் அரை நிமிடம் தொங்குவது, லேசான எடையில் மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குவது. உங்கள் ஊரில் கர்லாக்கட்டை சுற்றிக் கொடுக்கும் ஆசான் யாராவது இருந்தால் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். சின்னக் கட்டையாகத் தொடங்கினால் மணிக்கட்டு எல்லாத் திசையிலும் பலம் பெறும். ராடு பிடித்து நேர்க்கோட்டில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு அப்படியொரு சுழற்சி வேறு எங்கும் கிடைப்பதில்லை.

பட்டை போதாத வலி

இதை அவசரமாகப் படித்துத் தாண்டாதீர்கள். பிடியைத் திருத்தி, எடையைக் குறைத்து, இரண்டு மூன்று வாரம் ஆகியும் வலி தீரவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். சில வலிகளுக்கு அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது.

கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டைவிரலை மேலே நீட்டினால் அதன் அடியில் விழுகிற குழியை அழுத்தும்போது வலித்தால், அங்கிருக்கும் படகு வடிவச் சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் இருக்கலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறதே என்று தூக்கத் தொடங்கிவிடாதீர்கள், டாக்டர் மறுபடி வரச் சொன்னால் போங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதென்றால் நரம்பு அழுந்துகிறது. அதன்மேல் இறுக்கிக் கட்டுவது தவறு. சாவி திருப்பும்போதும் துணி பிழியும்போதும் சுண்டுவிரல் பக்கம் சுருக்கென்று குத்தி, உள்ளே 'டக்' என்று சத்தமும் வந்தால், அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பைப் பரிசோதிக்க வேண்டும். எனக்கு வந்தது இதுதான். நாலு மாதம் பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டி வலியை மறைத்துக்கொண்டே தூக்கினேன். அப்புறம் எட்டு மாதம் ராடைத் தொட முடியவில்லை. பட்டை கட்டினால் வலி தெரியவில்லை, கழற்றினால் தெரிகிறது என்ற நிலை வந்தால், அன்றே நிறுத்துங்கள்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு

சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி ரிஸ்ட் ராப் 1 மீட்டர் நீளத்தையும் 8 செ.மீ. அகலத்தையும் தாண்டக் கூடாது. கட்டிய பிறகு மூட்டின் நடுவிலிருந்து முழங்கைப் பக்கம் 10 செ.மீ., உள்ளங்கைப் பக்கம் 2 செ.மீ., மொத்தம் 12 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தூக்கும்போது வளையம் கட்டைவிரலில் இருக்கக் கூடாது. 36 அங்குலப் பட்டை 91 செ.மீ.தான், அதனால் நீளத்தில் பிரச்சினை வராது. ஸ்ட்ராப் அனுமதி இல்லை. எந்த அமைப்பு நடத்தும் போட்டியோ அதன் விதிப்புத்தகத்தைப் பெயர் கொடுக்கும் முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள்.

பராமரிப்பு

வேர்வையில் ஊறிய பட்டையை ஜிம் பைக்குள் சுருட்டிப் போட்டால், நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மூன்றாம் நாள் பையைத் திறக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் காற்றாடக் கொடியில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுக் கையால் அலசுங்கள். வெல்க்ரோவை மூடிவிட்டு அலசுங்கள், இல்லாவிட்டால் பட்டையின் நூலையே அது பிய்க்கும். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்துங்கள். காய்வது நிழலில். வெந்நீரும் உச்சி வெயிலும் ரப்பர் இழையைச் சாகடித்துவிடும். வெல்க்ரோவில் சிக்கிய முடி, நூலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் மறுபடி ஒட்டும்.

வாங்கிய அன்றே பட்டையைத் தரையில் இழுக்காமல் விரித்து நீளத்தை அளந்து, உள்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதேபோல அளந்து பாருங்கள். 18 என்று எழுதியது 20 ஆகியிருந்தால், இழுத்தது திரும்பி வரவில்லை என்று பொருள். அன்று புதிது வாங்குங்கள். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம், லேசான செட்டுக்கு ஆகும்; இல்லையென்றால் நேற்றுச் சேர்ந்த யாருக்காவது கட்டிப் பழகக் கொடுங்கள்.